குடியை நிறுத்தும் முதல் வாரம்

தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று வருடக்கணக்கில் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். சின்ன ஊர்களில் நான் பார்த்த விபரீதங்கள் பலவும் இப்படித் தொடங்கியவைதான்.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். காப்பி டம்ளரை இரு கையால் பிடித்தாலும் தளும்பும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டு, மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்றினால் அது பேயல்ல, உயிர் போகும் நிலை. கோயிலுக்கு இழுத்துப் போகாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அதனால் நிறுத்தும் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயஸெபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். அசதிக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கேளுங்கள். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் மூளையைக் கெடுக்கலாம்.

குடியை நிறுத்தும் என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் பொடி வேண்டவே வேண்டாம். அதில் மதுவோடு சேர்ந்தால் உடம்பை வதைக்கும் டைசல்ஃபிராம் மருந்து இருந்து, அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சந்தேகமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே கேட்கலாம்.