இட்லி மாவில் கால்சியம் கூட்டுவது எப்படி?

அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கால்சியம் மாத்திரை போட்டால் மலச்சிக்கல். அவர் தினமும் தவறாமல் சாப்பிடுவது இட்லிதான், அதனால் மாவிலேயே கை வைத்தேன்.

வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்னது. அதற்கு முன் 600 என்றிருந்தது. பிரிட்டனில் ஆலையிலேயே மைதாவில் கால்சியம் கார்பனேட் கலக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே செறிவூட்டிய கோதுமை மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்க்கிறார்கள், கால்சியம் கிடையாது.

அளவு: வழக்கமான 600 கிராம் இட்லி அரிசியில் 200 கிராமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழுக் கேழ்வரகு. உளுந்து 150 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. 200 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 700 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடை அரிசியில் 20 வந்தாலே அதிகம்.

1. கேழ்வரகை ஐந்தாறு தண்ணீர் அலசி, கல் அரித்து, இரவு ஊறவிடுங்கள்.

2. நீரை முழுக்க வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அந்தப் பிடி தளரும், மாவு புளிக்கும்போது இன்னும் தளரும்.

நான் சறுக்கியது இங்கேதான். முளை நீளமாக வந்தால் நல்லது என்று இரண்டு நாள் விட்டேன். வேர் நூல்நூலாக ஓடி, மாவு நீர்த்து, இட்லி துணியை விட்டு வரவே இல்லை. முளை வளர வளர மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிவிடுகிறது. மணியின் நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பதினாறு மணி நேரம் ஆகிறது.

3. உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்துவிட்டு, அப்புறம் அரிசியையும் கேழ்வரகையும் சேர்த்து ஆட்டுங்கள். கிரைண்டர்தான் சரி. மிக்ஸியில் மாவு சூடேறிவிடும், தோலும் நறநறக்கும்.

4. உப்புப் போட்டுக் கரைத்து வையுங்கள். முளைகட்டிய மாவு சீக்கிரம் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள்.

பின்சேர்க்கை: கால்சியம் மாத்திரையைப் பொடித்து மாவில் கலக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கணக்கே இருக்காது. வீட்டில் இரும்புச்சத்து மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ போடுகிறவர்கள் இருந்தால், அது உடம்பில் சேர்வதையும் இந்தக் கால்சியம் தடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேழ்வரகு சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.