ஏ.எல். பாடம் எடுக்கும்போதே பட்டப்படிப்பையும் யோசியுங்கள்

கெம்பஸில் என்ன படிப்பது என்ற பேச்சை மலையகத்தில் பெரும்பாலும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த பிறகுதான் எடுக்கிறோம். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும். ஓ.எல். (சாதாரண தரம்) முடித்து ஏ.எல்.லுக்குப் பாடம் தெரிவு செய்யும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

உயிரியல் பிரிவையே பாருங்கள். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. "விவசாயம் எடு, லேசாப் பாஸ் பண்ணலாம்" என்று யாராவது சொல்வார்கள். பிள்ளையும் உயிரியல், இரசாயனவியலோடு விவசாய விஞ்ஞானத்தை எடுத்துவிடும். விவசாய பீடத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு அது நல்ல தெரிவுதான். ஆனால் மருத்துவத்துக்குப் பௌதிகவியல் கட்டாயம். டாக்டர் கனவோடு இருக்கிற பிள்ளை இந்தச் சேர்க்கையில் மூன்று ஏ எடுத்தாலும் மருத்துவ பீடம் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லாமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற பெரிய அநியாயம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று இருக்கிறது. படிப்பை முதலில் பார்த்து, பாடத்தைப் பிறகு தெரிவு செய்யுங்கள்.

ஆசிரியர் இல்லை என்று நுவரெலியா மாவட்டத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளையைக் கண்டிப் பாடசாலைக்கு மாற்றும் பெற்றோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் உண்டு, கண்டி இல்லை. மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிள்ளை படித்த பாடசாலை, வீட்டு விலாசம் இல்லை. நல்ல ஆசிரியருக்காகப் போவது சரி, போகலாம். ஆனால் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, மாறும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும்போது, பயத்தில் சுலபமாகக் கிடைக்கும் படிப்பை முதலில் போடுகிறவர்கள் நிறையப் பேர். போடாதீர்கள். உங்கள் இசட் புள்ளிக்கு (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணிக்கும், அனுமதிக்கான புள்ளி) வரிசையில் மேலே போட்ட படிப்பு கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதனால் நட்டம் ஏதும் இல்லை. உண்மையான ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள்.

அப்புறம் கலைப் பிரிவு. கலைப்பீடத்துக்குள் போன பிறகும் தெரிவு முடியவில்லை. முதலாம் வருடத்தில் எடுக்கும் பாடங்களில் ஒன்றில்தான் பின்னர் சிறப்புப் பட்டம் (ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் பட்டம்) செய்யலாம், அதற்கும் அந்தப் பாடத்தில் நல்ல பெறுபேறு வேண்டும். ஊர் அண்ணாமார் எடுத்தார்கள் என்பதற்காக ஒரு பாடத்தை எடுக்காதீர்கள். பிடித்த பாடம் தமிழ் மொழிமூலம் அங்கே நடக்கிறதா, சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று பதிவு செய்யுமுன் அந்தப் பீடத்தில் இப்போது படிக்கிறவர்களிடம் கேளுங்கள்.