கொலஸ்ட்ரால் நார்மல், சரி. வயிற்றை அளந்தீர்களா?

கொலஸ்ட்ரால் நார்மல் என்றதும் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாரடைப்பு என்றால் நாம் யோசிக்காமல் விட்டுவிடுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இதயத்தின் மேலேயே ஒட்டிக்கிடக்கிற கொழுப்பு, இன்னொன்று வந்துபோகிற தொற்று.

இதயத் தசைக்கும் அதை மூடிய உறைக்கும் நடுவே எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். கூடிப்போனால்தான் தொல்லை, ஏனென்றால் அதற்கும் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற கரோனரி ரத்தக் குழாய்க்கும் இடையில் தடுப்பு எதுவும் கிடையாது. கொழுப்பில் சுரக்கிற, அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) உண்டாக்கும் பொருட்கள் நேராகக் குழாய்ச் சுவரில் இறங்கிவிடும். எக்கோவிலும் சிடி ஸ்கேனிலும் இது தெரியும், ஆனால் இதற்கென்றே ஸ்கேனுக்குப் போவது வீண் செலவு. தொப்பை கூடினால் பெரும்பாலும் இதுவும் கூடும், அதனால் வீட்டில் கிடக்கும் தையல் டேப் போதும்.

அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம். என் சித்தப்பா தன் இடுப்பு 34 இன்ச்தான் என்று சாதித்தார், அது அவர் பேன்ட் சைஸ், பேன்ட் நிற்பதோ தொப்பைக்குக் கீழே. டேப் வைத்ததும் 102 செ.மீ. வந்தது. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பாருங்கள், வயிற்றை எக்கக் கூடாது. நம்மைப் போன்ற தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே கவனம் தேவை. டேப் இல்லையென்றால் உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள், முனைகள் சேரவில்லையா, குறைக்க வேண்டியதுதான். எடை குறைந்தால் இதயக் கொழுப்பும் குறைகிறது, வேக நடையும் உதவும்.

அடுத்து தொற்று. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு இருந்தது. காய்ச்சலில் ரத்தம் எளிதாக உறையும், இதயம் வேகமாக அடிக்கும், குழாயில் ஏற்கனவே படிந்த படிவு வெடிக்கவும் கூடும். அதனால் இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் வருடா வருடம் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் வழக்கமான இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டெங்கு சந்தேகம் என்றால் மட்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று உடனே டாக்டரிடம் கேளுங்கள். மெடிக்கலில் போய் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கவும் வேண்டாம். அந்த வாரத்தில் நெஞ்சு இறுகினால், இடது கை கனத்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தொற்றுதானே, ஆன்டிபயாடிக் போட்டு மாரடைப்பைத் தடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை. ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

உள்ளே அழற்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், சளி காய்ச்சலோடு போய் எடுக்காதீர்கள். அப்போது அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். உடம்பு தேறி இரண்டு வாரம் கழித்து எடுங்கள்.