வாரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? படிக்க வந்தவர்களுக்கான பட்ஜெட் வழிகாட்டி

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த புதிதில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியும். பலருக்கும் தாங்களே பொறுப்பேற்றுச் செலவழிக்கும் முதல் பெரிய பணம் அதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி வாடகைக்கும் மற்ற கட்டணங்களுக்கும் போய்ச்சேர வேண்டியது. மீதியில் வாரத்துக்கு எவ்வளவு உங்கள் கைச்செலவுக்கு என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் பட்ஜெட்டின் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். கணக்கில் 6,000 இருக்கிறது, அடுத்த பணம் வர 20 வாரம் ஆகும். வாடகை வாரம் 200 என்றால் 4,000 போய்விடும். போனுக்கும் போக்குவரத்துக்கும் வாரம் 20 வீதம் 400. புத்தகம், பருவத்துக்கேற்ற உடை, விசா தொடர்பான கட்டணம் என்று எப்போதாவது ஒருமுறை வரும் செலவுகளுக்கு 600. மிச்சம் 1,000. அதை 20 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 50. சாப்பாடு, நண்பர்களோடு வெளியே போவது, சில்லறைச் செலவு எல்லாம் அதற்குள்தான். 6,000 இருக்கிறது என்ற நினைப்பில் செலவழிப்பவரும், வாரம் 50 என்று தெரிந்து செலவழிப்பவரும் கடைக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள். 50 போதாது என்றாலும், அது பதினான்காவது வாரத்தில் தெரிவதைவிட முதல் வாரத்திலேயே தெரிவது எவ்வளவோ மேல்.

அறை எடுக்கும்போது கொடுத்த முன்பணம் திரும்ப வரும் என்று நம்பி அதை வரவில் சேர்க்காதீர்கள். காலி செய்து, கைக்கு வந்தபிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வாரக் கணக்கை மாதக் கணக்காக மாற்றும்போது கவனம் தேவை. வாரம் 200 வாடகை என்றால் மாதம் 800 என்று சட்டென்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். வருடத்துக்கு 52 வாரம். 200-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 867 வரும். 800 என்று எழுதி வைத்தவருக்கு வருடக் கடைசியில் 800 துண்டு விழும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு இதே கணக்கு நல்லவிதமாகத் திரும்பும். வருடத்தில் 26 சம்பளம் வருவதால், மாதம் இரண்டு என்று வைத்துத் திட்டம் போட்டால் இரண்டு சம்பளம் கூடுதலாக நிற்கும். அதை அவசரத் தேவைக்கென்று அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

பகுதிநேர வேலையின் வருமானத்தை எழுதும்போது, வரி பிடித்ததுபோகக் கைக்கு வரும் தொகையை மட்டும் எழுதுங்கள். மாணவர் விசாவில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்குப் பல நாடுகளில் வரம்பு உண்டு. அந்த வரம்பு முழுவதையும் வைத்துத் திட்டம் போட வேண்டாம். தேர்வு நேரத்தில் ஷிப்ட் குறையும், கடையில் ஆள் தேவைப்படாத மாதங்களும் வரும். ஆகக் குறைவாக வரக்கூடிய மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு விலையையும் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கும். அதில் அவசியமானதைக்கூட வாங்காமல் வயிற்றைக் காயப்போடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த நாணயத்தில் வாழ்கிறீர்களோ அதிலேயே பட்ஜெட் போடுங்கள். கல்விக்கடன் தவணையையும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் மட்டும் மாதம் ஒருமுறை மாற்றிப் பார்த்து, தனி வரியாக எழுதினால் போதும். வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை முதலிலேயே அம்மா அப்பாவிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் இரண்டு பக்கமும் மனக்கஷ்டம்தான். அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாற்று விகிதத்தைக் குறைத்துக் கொடுத்தும் லாபம் எடுப்பார்கள். அந்தப் பக்கம் கடைசியில் எவ்வளவு போய்ச்சேரும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதேபோல ஊர் வங்கியின் கார்டை இங்கே தேய்க்கும்போது எந்த நாணயம் என்று மெஷின் கேட்டால், இருக்கும் நாட்டின் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதுதான் செலவு குறைவு.

கிரெடிட் கார்டு கிடைத்தால், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 1,000 பாக்கி, ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டியே 20. நீங்கள் 30 கட்டினால் கடனில் குறைவது வெறும் 10. முழுப் பாக்கியையும் ஒவ்வொரு மாதமும் அடைக்க முடிந்தால் மட்டும் கார்டைப் பயன்படுத்துங்கள்.

புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் சீனியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றுத் தாளைக் கொடுத்துச் செலவுகளை எழுதச் சொன்னால் ஊகித்துத்தான் எழுதுவார்கள். அவர்களின் வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்லி, கடந்த நான்கு வாரச் செலவை வரி வரியாக அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். இலவசம் என்று ஆரம்பித்து மறந்துபோன சந்தா, இரவு நேர டாக்ஸி எல்லாம் தானாகவே கண்ணில் படும். அப்போது திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை காட்ட மாட்டார்கள். எதை விடலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். அப்புறம் அந்த வார எண்ணை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்தத் தொகையை வாரத்தின் ஒரே நாளில் தனிக் கணக்குக்கு மாற்றி, அந்தக் கார்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் தினமும் கணக்கு எழுத வேண்டியதில்லை.

எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் போதவில்லை என்றால், வாடகை நாள் வரும்வரை காத்திருக்காமல் பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவுக்குப் போங்கள். பல பல்கலைக்கழகங்களில் அவசர நிதியோ, கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் வசதியோ உண்டு. போகும்போது இந்த வரவு செலவுக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.