செடி அறைக்கு விளக்குச் சட்டம்: கூரையில் ஆறே துளைகள் போதும்

வீட்டுக்குள் லெட்டூஸ், கீரை, மிளகாய் நாற்று என்று வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒரு விளக்குக்கு இரண்டு கொக்கி என்று கூரையில் மாட்டுவார்கள். அப்புறம் மேசை இடம் மாறும், விளக்கு பொருந்தாது, மறுபடி டிரில் வெளியே வரும். கொஞ்ச நாளில் கூரை சல்லடைதான். அதற்குப் பதில் ஒரு இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டால், விளக்குகளை அதில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

நான் சொல்லப்போவது கான்கிரீட் கூரைக்கான 8 அடிக்கு 4 அடிச் சட்டம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கட்டைகளுக்கு நடுவே இருப்பது செங்கல். அதில் ஆங்கரை (துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் உலோக உறை) நம்ப முடியாது, கட்டையில்தான் மாட்ட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் எதையும் தொங்கவிடாதீர்கள். வாடகை வீடா? சட்டத்துக்கு வாங்கும் இதே இரும்பு ஆங்கிளில் (எல் வடிவப் பட்டை) நான்கு கால் வைத்துத் தரையிலேயே நிறுத்திவிடுங்கள். அட்வான்ஸ் பத்திரமாக இருக்கும்.

வாங்க வேண்டியவை

ரேக் செய்யப் பயன்படும், வரிசையாகத் துளை போட்ட ஸ்லாட்டட் ஆங்கிள்: 40×40 மி.மீ., 2 மி.மீ. தடிமன். 8 அடியில் இரண்டு, 4 அடியில் ஐந்து. பெயின்ட் அடித்ததை விட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நல்லது. செடி அறையில் ஈரம் எப்போதும் இருக்கும், கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். வெட்டிய முனைகளில் ஜிங்க் பெயின்ட் தடவிவிடுங்கள். எம்8 (8 மி.மீ.) திரெட் ராட், அதாவது முழு நீளமும் மரை போட்ட கம்பி, 1 மீட்டரில் இரண்டு, எம்8 டிராப்-இன் ஆங்கர் ஆறு (கூட இரண்டு வாங்கி வையுங்கள்), அதை அடித்து இறுக்கும் செட்டிங் டூல், 10 மி.மீ. கான்கிரீட் பிட், நட்டு 24, பெரிய வாஷர்கள், ஆங்கிளுக்கான போல்ட் நட்டு பத்து ஜோடி. விளக்குக்குச் சங்கிலியும் எஸ் கொக்கியும்.

எடைக் கணக்கு

இந்த ஆங்கிள் மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. மொத்தம் 36 அடி, அதாவது 11 மீட்டர், 11 கிலோ. 3 கிலோ எடையுள்ள எல்இடி பேனல் நான்கு என்றால் 12 கிலோ. நட்டு, சங்கிலி சேர்த்து 25 கிலோ என்று வையுங்கள். ஆறு ராட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 4 கிலோ சொச்சம். நல்ல கான்கிரீட்டில் சரியாக இறங்கிய எம்8 ஆங்கருக்கு இது பெரிய பாரமே இல்லை. ஆங்கர் கழன்று வந்தால் பெரும்பாலும் காரணம் எடை அல்ல, அது கான்கிரீட்டில் உட்காராமல் பூச்சில் உட்கார்ந்திருப்பதுதான்.

குறிப்பதும் துளைப்பதும்

கூரையில் 8 அடியில் இரண்டு இணைக்கோடுகள், நடுவில் 4 அடி இடைவெளி. சாக்பீஸ் நூல் அடித்தால் கோடு நேராக வரும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் உட்காரும். ஒவ்வொரு கோட்டிலும் முனைகளிலிருந்து 6 அங்குலம் உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று புள்ளிகள்.

துளைக்கும் முன் மேலே பாருங்கள். ஃபேன் பாக்ஸ், லைட் பாயின்ட், சுவிட்ச்போர்டு இவற்றை இணைக்கும் வயர் பைப் தளத்துக்குள்ளேயே ஓடும். அந்த வழிகளை விட்டு ஒரு சாண் தள்ளியே துளை போடுங்கள், அதுவும் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில். பீமின் அடியில் கம்பி நெருக்கமாக இருக்கும், அங்கே வேண்டாம். சுத்தியல் பிடியால் தட்டும்போது பொள்ளென்று கேட்டால் பூச்சு விட்டுப் போயிருக்கிறது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் கூரையில் இந்த வேலையையே தொடங்காதீர்கள்.

டிராப்-இன் ஆங்கர் 30 மி.மீ. நீளம்தான். பூச்சே 10, 12 மி.மீ. இருந்தால் மீதி என்ன மிஞ்சும்? ஆகவே புள்ளி இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு உளியால் பூச்சைக் கொத்தி, கான்கிரீட் தெரிந்த பிறகே டிரில் வையுங்கள். பிட்டில் 30 மி.மீ. அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. ஒரு பேப்பர் கப்பின் அடியைக் குத்தி பிட்டில் மாட்டினால் பாதித் தூசி அதிலேயே விழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிட் திடீரென்று இறங்க மறுத்துக் கிறீச்சிட்டால் கம்பி தட்டியிருக்கிறது. முட்டி மோதாமல் 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

துளையில் தூசி இருந்தால் ஆங்கர் பிடிக்காது. சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு ஆங்கரைச் செருகி, செட்டிங் டூலை வைத்து அதன் தோள் ஆங்கரில் முட்டும்வரை அடியுங்கள்.

ராட்

ஒவ்வொரு ராட்டையும் மூன்றாக வெட்டினால் 33 செ.மீ. துண்டு ஆறு கிடைக்கும். வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு நட்டைப் போட்டுவிட்டு வெட்டுங்கள். பிறகு அதைக் கழற்றும்போது நசுங்கிய மரை சரியாகிவிடும். ராட் ஆங்கருக்குள் குறைந்தது 10 மி.மீ. போகட்டும். மேலே ஒரு நட்டை வாஷரோடு கூரைப் பக்கம் இறுக்குங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒவ்வொரு ராட்டிலும் நிறைத்த 20 லிட்டர் தண்ணீர் கேனை ஓர் இரவு தொங்கவிடுங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்குமாறு கயிற்றில். அது 20 கிலோ, வரப்போகும் பாரத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். காலையில் ராட் இறங்கியிருந்தால் அந்தத் துளையைக் கைவிடுங்கள்.

சட்டம்

நீள ஆங்கிள்களை ராட்டில் ஏற்றி, மேலே ஒரு நட்டு, கீழே வாஷரோடு இரண்டு நட்டு. கூரை எங்குமே மட்டமாக இருக்காது, அதைப் பார்த்து உயரம் வைக்காதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) நீர்மட்டம் பார்த்து நட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். குழாயில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது.

குறுக்கு ஆங்கிள்கள் ஐந்தையும் 2 அடி இடைவெளியில் நீள ஆங்கிள்களின் மேல் வைத்து போல்ட் போடுங்கள். அடியில் மாட்டினால் பாரம் முழுக்க போல்ட்டில் விழும். நடு ராட் இடிக்கும் இடத்தில் ஒரு துளை தள்ளிக்கொள்ளலாம்.

விளக்கும் மின்சாரமும்

விளக்கைச் சங்கிலியில் மாட்டுங்கள். செடி வளர வளர இரண்டு கண்ணி ஏற்றிக்கொள்ளலாம். ட்யூப் வகை எல்இடி இலைக்கு மேல் 6 முதல் 12 அங்குலம், பேனல் 12 முதல் 18 அங்குலம் என்று தொடங்கி, இலை கருகினால் உயர்த்துங்கள், தண்டு நீண்டு சோம்பினால் இறக்குங்கள்.

இரும்புச் சட்டத்துக்கு எர்த் வயர் கொடுக்காமல் பிளக் சொருகாதீர்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். பிளக்குக்குப் போகும் வயர் ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலேறட்டும். வழியும் தண்ணீர் பாயின்டுக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே உத்தமம்.

100 வாட் பேனல் நான்கும் டைமரில் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 6.4 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 384 யூனிட் கூடும். முதலில் பாதி மேசைக்கு மட்டும் இரண்டு பேனல் மாட்டிப் பாருங்கள், மீதிச் சட்டம் காலியாகவே இருக்கட்டும்.