முதலில் தராசைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்தவராக நேர்மையாய் வாழ்வது எப்படி என்று கேட்கும் வியாபாரிகளிடம், முதலில் தராசைப் பாருங்கள் என்பேன். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது பைபிளின் நீதிமொழிகள் 11:1.

கடை திறந்ததும் முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல்லை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 1.000 காட்டாவிட்டால் அன்று அதில் நிறுக்க வேண்டாம். இந்தத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசின் மறுமுத்திரை கட்டாயம், தள்ளிப்போடாதீர்கள். நெய் நிறுக்கும்போது காலிப் பாத்திரத்தை வைத்து, 'டேர்' பட்டனை அழுத்தி, சைபர் வந்த பிறகே ஊற்றுங்கள். முந்திரிக்கு இது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியையும் முந்திரி விலைக்கே விற்றுவிடுவோம். எண் தெரியும் பக்கம் வாங்குபவரைப் பார்த்து இருக்கட்டும்.

கடனுக்கு வாங்குவதை எழுதும் பற்று நோட்டுதான் கடினம். படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுங்கள். கூடுதலாக வாங்கியது தெரிந்தால், அவர் கேட்கும்வரை காத்திராமல் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். பைபிளில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான். நாம் கூடுதலாக வாங்கியதையாவது தர வேண்டாமா?

அப்புறம், ஞாயிறு காணிக்கை போடும் முன், மொத்த வியாபாரிக்குத் தவணை தாண்டிய பாக்கியைச் சனிக்கிழமையே தீர்த்துவிடுங்கள்.