செத்துப்போன டராண்டுலாவ நம்ம ஊர் ஈரத்துல கெடாம காய வச்சி ஃபிரேம் போடறது எப்படி

டராண்டுலா, அதான் முடி மொளச்ச பெரிய சிலந்தி, அத பதப்படுத்தறத பத்தி வெளிநாட்டுக்காரங்க போடற வீடியோல, கால எப்படி அழகா விரிக்கறதுன்னு அரை மணி நேரம் காட்டுவாங்க, காய வைக்கறத மட்டும் 'ஒரு வாரம் அப்படியே விட்டுருங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அவங்க ஊருக்கு அது சரி. மலேசியாவுல பேராக் மாநிலத்து தாப்பா, பீடோர், சுங்காய் பக்கம் இருக்கற நமக்கு அது வேலைக்கு ஆகாது லா. மத்தியானத்துக்கு மேல மழ, ராத்திரியானா செம்பனை தோட்டத்து பக்கமிருந்து வர ஈரம், காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்த ஒட்டியே நிக்கற ஊரு இது. இங்க பாதிக்கு மேல வேலை என்னன்னா, உடம்புல இருக்கற தண்ணிய வெளிய எடுக்கறதும், எடுத்த தண்ணி திரும்ப உள்ள போகாம பாத்துக்கறதும்தான். மத்ததெல்லாம் பொறுமை இருந்தா யாருக்கும் வரும்.

மொதல்ல, பூச்சி நெஜமாவே செத்துடுச்சான்னு பாருங்க. இத ரொம்ப அழுத்தி சொல்றேன். மல்லாக்க படுத்து கால மேல பரப்பி வச்சிருந்தா அது பெரும்பாலும் தோல் உரிக்கப் போவுது, தொடாதீங்க, ஊதாதீங்க, பெட்டிய ஆட்டாதீங்க, ஒரு முழு நாள் விடுங்க. செத்த பூச்சி நிமிந்தபடியே எட்டு காலையும் வயித்துக்கு அடியில மடக்கி சுருட்டிக்கும். ஏன்னா டராண்டுலாவுக்கு கால மடக்கத்தான் தசை முழுசா இருக்கு, நீட்டறது ரத்தத்தோட அழுத்தத்துலதான், அந்த அழுத்தம் போனா எல்லா காலும் தானா உள்ள இழுத்துக்கும். ஆனா தண்ணி இல்லாம வாடிப்போனாலும் இதே மாதிரிதான் சுருளும், அதனால தண்ணி தட்ட நிரப்பி பக்கத்துல வச்சி கொஞ்ச நேரம் பாருங்க. மெல்லிசான பெயிண்ட் பிரஷால கால் நுனிய தொட்டும் அசைவே இல்ல, கால தூக்கிவிட்டா தொவண்டு விழுதுன்னா அப்பதான் முடிஞ்சிச்சின்னு அர்த்தம். ஆம்பள பூச்சி கடைசி தோல் உரிச்சதுக்கு அப்புறம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷம்கூட தாண்டாது, பொம்பளைங்க சில இனத்துல 20 வருஷத்துக்கு மேலயும் இருக்கும். அவ்ளோ நாள் கூடவே இருந்ததுக்கு செய்யற வேலை இது, அவசரப்படாதீங்க.

அதே காரணத்துக்காக இன்னொண்ணும் சொல்லிடறேன். இது வீட்டுல வளந்து தானா செத்த பூச்சிக்கு மட்டும்தான். ஃபிரேமுக்காக தோட்டத்துல பொந்து தோண்டி புடிச்சி கொல்றது கூடவே கூடாது. நம்ம காட்டு மரத்துலயே ஓமோத்திமஸ் வயலாசியோபெஸ்னு நீல நெறத்துல அவ்ளோ அழகான பூச்சி இருக்கு, அது மரத்துலயே இருக்கட்டும். 2010ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டம், அதான் சட்டம் 716, அட்டவணையில உள்ள இனம்னா உயிரோட இருக்கறதுக்கு மட்டும் இல்ல, செத்த உடம்புக்கும் பாகத்துக்கும் சேத்துதான் பேசுது. உங்க பூச்சிக்கு லைசென்ஸ் வேணுமான்னு பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) ஆபீஸ்ல கேட்டுக்குங்க, வாங்கன ரசீத தூக்கி போடாதீங்க. பிராக்கிபெல்மா, பொசிலோதீரியான்னு ரெண்டு டராண்டுலா வகையும் சைட்டிஸ்ங்கற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, பொசிலோதீரியா 2019ல சேந்துச்சி. அதனால செத்தத ஃபிரேம் போட்டு சிங்கப்பூர்ல இருக்கற மாமாவுக்கு அனுப்பறதா இருந்தாலும் பேப்பர் வேணும்.

தொடறதுக்கு முன்னாடி கையுறை, முகக்கவசம், கண்ணுக்கு கண்ணாடி. அமெரிக்கா கண்டத்து பூச்சிங்கள்ல பெரும்பாலானதுக்கு பின் வயித்துல அரிப்பு முடி இருக்கும், செத்தாலும் அதுக்கு வேகம் போகாது, கண்ணுல பட்டா கிளினிக்குதான். ஆசியா, ஆப்பிரிக்கா பூச்சிங்களுக்கு அந்த முடி கெடையாது, ஆனா பல்லு ஊசி மாதிரி நிக்கும், செத்த பூச்சியா இருந்தாலும் விரல குத்தும். ஃபேன ஆஃப் பண்ணிட்டு வேலை செய்ங்க.

அன்னிக்கே செய்ய முடியலன்னா ஃபிரீசர்தான் வழி. நம்ம சூட்டுல ஒரு நாள் விட்டாலே வயிறு கெட ஆரம்பிச்சிரும். ஜிப் பையில போட்டு காத்த அமுக்கி எடுத்துட்டு, மூடி உள்ள டப்பாவுல வச்சி, மேல பேர் எழுதி ஒட்டுங்க, வீட்டுல அம்மாகிட்ட சொல்லிட்டு வைங்க, மீனும் கோழியும் இருக்கற தட்டுல வேணாம். வெளிய எடுக்கும்போது பைய உடனே தெறக்காதீங்க, மூடுனபடியே குளிர் எறங்கி சாதாரணமாகற வரைக்கும் விடுங்க, அப்பதான் வேர்க்கற தண்ணி பைக்கு வெளிய நிக்கும், முடி மேல எறங்காது.

மொத தடவை செய்யறவங்க உடம்புல ஆரம்பிக்காம உரிச்ச தோல்ல கை பழகுங்க. இளஞ்சூடான தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டு ஊற வச்சா தோல் மெத்துன்னு ஆயிரும், காலு, பல்லு, முதுகு ஓடு எல்லாம் அப்படியே வரும், உள்ள சதை இல்லாததால அழுகவும் அழுகாது. வயித்து தோல் மட்டும் கசங்கன பேப்பரா சுருங்கிக்கும், அத விரிச்சி பாத்தா பொம்பளையா ஆம்பளையான்னு கூட தெரிஞ்சிக்கலாம்.

இப்ப உடம்பு. டராண்டுலாவுல கெடற எடம் பின் வயிறுதான், முன் உடம்போட ஓடு, காலு ரெண்டும் தடிப்பு, தானா காயும். வயித்துல இருக்கறத எடுக்காம காய வச்சா ஒண்ணு அழுகி ஒழுகும், இல்ல உலர்ந்த திராட்சையா சுருங்கிரும். பூச்சிய டிஷ்யூ மேல மல்லாக்க வைங்க. வயித்து அடியில நாலு வெளிறுன திட்டு தெரியும், அது மூச்சு விடற எடம். பின்னாடி ஜோடி திட்டுக்கு கொஞ்சம் கீழ இருந்து, நூல் விடற குழாய்க்கு முன்னாடி வரைக்கும் நேரா ஒரே வெட்டு, நுனி மெல்லிசான கத்தரியோ பிளேடோ போதும். ஆழமா குத்தாதீங்க, தோல மட்டும் தூக்கி புடிச்சி வெட்டுங்க. உள்ள இருக்கறது பழுப்பும் வெள்ளையும் கலந்து கொழகொழன்னு வரும், பக்கத்துல லேசா அமுக்கி, மிச்சத்த பஞ்சு குச்சியாலயும் சின்ன இடுக்கியாலயும் எடுங்க. பார்மசியில விக்கற 70 சதவீத ஆல்கஹால சிரிஞ்சில எடுத்து உள்ள பீச்சி அலசுங்க, டிஷ்யூவால ஒத்தி எடுங்க, அலசுன தண்ணி கலங்கல் இல்லாம வர வரைக்கும் திரும்ப திரும்ப. இந்த நேரம் பூரா முதுகு பக்கம் விரல் உரசக் கூடாது, முடி கொட்டி வழுக்க விழுந்தா திரும்ப ஒட்ட வழியில்ல.

அப்புறம் பஞ்ச அரிசி அளவுக்கு பிச்சி பிச்சி அடைங்க, மொதல்ல முன் மூலை, அப்புறம் பின் மூலை, கடைசியில நடு. உயிரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அத விட கொஞ்சம் ஒல்லியாவே நிறுத்துங்க, காயும்போது தோல் இழுக்கும், ரொம்ப அடைச்சிருந்தா வெட்டு பிரிஞ்சிக்கும். மூடறதுக்கு சாதாரண வெள்ள பசை போதும். சூப்பர் குளூ வேணாம், அது பஞ்சுல பட்டா திடீர்னு சூடேறி பொகையும், கை வெந்துரும். பெரிய இனமா இருந்தா கால் மூட்டோட அடி பக்கம் மெல்லிசான ஊசியால கொஞ்சம் ஆல்கஹால் போடுங்க, முன் உடம்புக்கும் அப்படியே. ஆல்கஹால் தெறந்திருக்கற எடத்துல சாமி வெளக்கும் கொசுவத்தியும் எரியக் கூடாது, அத மொதல்ல பாத்துட்டு உக்காருங்க.

காலு ஏற்கனவே விறைச்சிருந்தா இழுக்காதீங்க, ஒடஞ்சிரும். மூடி உள்ள டப்பாவுல ஈர டிஷ்யூ போட்டு, அதுல ரெண்டு சொட்டு டெட்டால் விட்டு, பூச்சி ஈரத்துல நேரா படாத மாதிரி சின்ன மூடி மேல வச்சி ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க, எளகிரும். தினமும் பாருங்க, மூணு நாளுக்கு மேல போனா பூஞ்சை வந்துரும்.

பாசார்ல (சந்தையில) மீன் பெட்டி போலிஸ்டரின், அதான் தெர்மாகோல், கெடைக்கும், கழுவி காய வச்சா குத்தற பலகை ரெடி. உடம்புல ஊசி குத்தாதீங்க, காலுக்கு ரெண்டு பக்கமும் குறுக்கால எக்ஸ் மாதிரி ஊசி நட்டு நிறுத்துங்க. கால நுனியில புடிச்சி இழுக்காம மூட்டுல இருந்து தள்ளுங்க. பின்னாடி காலுங்கள மொதல்ல, அப்புறம் முன்னாடி, கடைசியா முன்னால இருக்கற ரெண்டு சின்ன கையும் பல்லும். கடையில சுத்துப்பயணிங்களுக்கு விக்கற ஃபிரேம்ல எட்டு காலையும் தட்டையா நட்சத்திரமா விரிச்சி வச்சிருப்பாங்க, எனக்கு அது புடிக்காது, உயிரோட எந்த டராண்டுலாவும் அப்படி நிக்காது. மூட்டு உடம்ப விட ஒசரமா இருக்கணும், வயிறு லேசா தரைய தொடணும். வயித்துக்கு அடியில சுருட்டுன டிஷ்யூ வச்சா அந்த ஒசரம் நிக்கும். போன்ல இருக்கற பழைய போட்டோவ பக்கத்துல வச்சிக்கிட்டு, அது எப்படி ஒரு கால தூக்கி நின்னுச்சோ அப்படியே வைங்க, உங்க பூச்சின்னு பாத்த ஒடனே தெரியணும்.

ஆல்கஹால் பட்ட முடி ஒட்டிக்கிட்டு அசிங்கமா தெரியும், பயப்படாதீங்க. ஃபேன் காத்துல பாதி காஞ்சதும் மெத்துன்னு உள்ள பிரஷால முடி போற தெசையில நீவி விடுங்க, பொசுபொசுன்னு எழும்பும். மங்கிப்போன நீலமும் அப்ப திரும்ப வரும், ஏன்னா டராண்டுலாவோட நீலம் சாயம் இல்ல, முடிக்குள்ள இருக்கற நுண்ணிய அடுக்குல வெளிச்சம் பட்டு திரும்பறதால வர நெறம்.

காய வைக்கறதுல வெயில நம்பாதீங்க, நெறம் வெளுக்கும், நாலு மணி மழையில மறுபடி ஈரம் ஏறும். ஒரு நாள் ஃபேன்ல ஆல்கஹால் பறக்க விட்டுட்டு, பலகையோட காத்து போகாத டப்பாவுல வச்சி சிலிகா ஜெல் நெறைய போடுங்க. நெறம் மாறற ஜெல்லா வாங்குங்க, அதுலயும் ஆரஞ்சு ஜெல்லா பாத்து வாங்குங்க. நீல ஜெல் வேணாம், அதுல கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நல்லதில்ல. நெறம் மாறுனா ஓவன்ல சூடு பண்ணி திரும்ப போடலாம். சின்ன பூச்சிக்கு ரெண்டு வாரம், பெருசுக்கு நாலு வாரம் அதுக்கு மேலயும் ஆகும். ஆனா நாள எண்ணாதீங்க, எடைய பாருங்க. நகை எடை போடற சின்ன தராசு ஆன்லைன்ல சல்லிசா கெடைக்கும். நடுவுல ஊசிய எடுத்து தூக்கி வைக்க முடியாதுல்ல, அதனால பலகையோடயே நிறுத்து எழுதி வைங்க, ஒவ்வொரு வாரமும் கொறையும், ரெண்டு தடவ ஒரே எடை காட்டுனாதான் காஞ்சிருச்சின்னு அர்த்தம். வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா 70 சதவீத ஆல்கஹால பிரஷ்ல தொட்டு தொடச்சி, மறுபடி ஜெல்லுக்குள்ள.

பாட்டில்ல போட்டு வைக்கறதும் ஒரு வழி, 70ல இருந்து 80 சதவீத எத்தனால், வயித்துக்குள்ளயும் ஊசியில ஏத்தணும், ஆனா நாளாக நெறம் போயிரும். பார்மலின் வீட்டுல வேணவே வேணாம். ரெசின் ஊத்தறது அழகுதான், உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கெட்டுரும், முடியில காத்து புடிச்சி கொப்பளம் வரும், பழகுனவங்களுக்கு விடுங்க.

ஃபிரேமுக்கு கொஞ்சம் ஆழமான கண்ணாடி பெட்டி வாங்கி, பூச்சிய வெள்ள பசையில நாலு கால் நுனியில மட்டும் ஒட்டுங்க. பின் அட்டைக்கு பின்னால ஜெல் பாக்கெட் ஒண்ணு, சுத்தி டேப். உள்ள ஒரு சின்ன சீட்டுல இனத்தோட பேரு, ஆம்பளையா பொம்பளையா, நீங்க வச்ச பேரு, செத்த தேதி, கடைசியா உரிச்ச தேதி. பாட்டிலா இருந்தா பென்சில்ல எழுதுங்க, பால்பாயிண்ட் மை ஆல்கஹால்ல கரைஞ்சிரும்.

எறும்பும் சின்ன வண்டும் வாசத்துக்கு வந்துரும்னு நெறைய பேர் உள்ள பாச்சை உருண்டை போடறாங்க. போடாதீங்க. நாப்தலின் ஆவி போலிஸ்டரின கரைச்சிரும், அத விட முக்கியம், ஜி6பிடி குறை (ரத்த சிவப்பணுவுல ஒரு என்சைம் கொறஞ்சி பொறக்கறது) உள்ள பிள்ளைங்க வீட்டுல இருந்தா அந்த வாசமே ஆபத்து. நம்ம நாட்டுல பொறந்த ஒடனே ரத்தத்துல இத பாப்பாங்க, உங்க பிள்ளையோட கிளினிக் புக்க எடுத்து பாருங்க. பூச்சி அரிக்கறத தடுக்க ஃபிரேம் போடறதுக்கு முன்னாடி காஞ்ச உடம்ப ரெண்டு வாரம் ஃபிரீசர்ல வச்சா போதும், அதே ஜிப் பை, அதே மாதிரி மூடுனபடியே குளிர் எறங்க விட்டு எடுக்கணும். ஃபிரேம் மாட்டறதுக்கு உள் சொவத்த பாருங்க, மழ அடிக்கற வெளி சொவரும் சாயங்கால வெயில் நேரா விழற எடமும் வேணாம். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ கண்ணாடி வழியா அடியில பாருங்க, கால் கீழ தூள் மாதிரி கொட்டி கெடந்தா வண்டு எறங்கியிருக்கு, அன்னிக்கே கழட்டி திரும்ப ஃபிரீசருக்கு அனுப்புங்க, ஜெல்லையும் மாத்திருங்க.